மச்சான் வயல் மக்காச்சோளம்

ஆகஸ்ட் 12

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. உங்கள் தங்கை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துவீங்க. எழுதுங்க. எழுதும்போது குறுக்க பேச முடியாதில்ல?" என்பது அவளுடைய தீர்ப்பு.

ஜூன் மாதம் நான் உங்கள் வாசலில் மக்காச்சோள மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போன பிறகு நமக்குள் பேச்சில்லை. அவளும் பிறந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆகவே நான் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

என் பண்ணையில் செத்தது கூடையில் அடங்குகிற நாலு குஞ்சு இல்லை. முட்டைக்கு வரவேண்டிய பருவத்துக் கோழிகள், ஒரு கொட்டகை முழுக்க. முதலில் தீனி எடுக்கவில்லை. பிறகு இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒதுங்கின. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈரல் வெளிறி மஞ்சளாக இருந்தது. விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. "தொற்றுநோய் இல்லைங்க. தீவனத்துல பூஞ்சண விஷம்" என்றார். தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அது முழுக்க உங்கள் வயலிலிருந்து வந்தது.

உங்கள் தெருவில் நின்று உங்களை "விஷம் விக்கிற ஆளு" என்று சொன்னேன். கோபத்தில்தான் சொன்னேன். ஆனாலும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் எண்ணம் இன்றைக்கு இல்லை.

இந்தப் போகம் உங்களிடம் வாங்க மாட்டேன். கடைசி நேரத்தில் கையை விரித்தான் என்று பெயர் வேண்டாம் என்பதால் அறுவடைக்கு முன்பே சொல்கிறேன். கொட்டகை காலியாகக் கிடக்கிறது. உங்கள் தங்கை காலையில் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் நடந்து போய்விட்டுப் பாதி வழியில் திரும்பி வருகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு இதைவிட இனிப்பாக எழுத எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 17

மாப்பிள்ளைக்கு,

இவ்வளவு கோபத்தை இவ்வளவு மணிமணியான கையெழுத்தில் எழுத உங்களால்தான் முடியும். திட்டுகிறீர்களா, கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறீர்களா என்று முதலில் புரியவே இல்லை.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். உங்கள் தீவன அறைக் கூரை. போன மழைக்கு அந்த அறைக்குள் குடை பிடித்துக்கொண்டு நின்றவன் நான். "தகரத்தை மாத்துங்க மாப்பிள்ளை" என்று சொன்னவனும் நான். "மாத்தலாம் மச்சான், மாத்தலாம்" என்றவர் நீங்கள். என் களத்திலிருந்து பொன் மாதிரி லாரி ஏறின மக்காச்சோளம் உங்கள் வீட்டில் ஊறி, முளைத்து, பூசணம் பிடித்தால் அதற்கு நான் பொறுப்பா?

அந்த வார்த்தை என்ன செய்தது தெரியுமா? மறுநாள் முடிவெட்டப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் கடையில் பேச்சு நின்றது. கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. வருஷா வருஷம் முதலில் என் களத்துக்கு வருகிற தரகர், இந்த முறை என் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அதுதான் இன்னும் எரிந்தது.

இந்த வருஷப் பயிரை வந்து பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் இன்னொரு ஆள் நிற்கிற உயரம். கீழ் வயல், மேல் வயல் இரண்டிலும் இலை கரும்பச்சையாக நிற்கிறது. வாங்க ஆளா இல்லை?

ஒன்று மட்டும் முடிவு. எந்தத் தெருவில் அந்த வார்த்தையைச் சொன்னீர்களோ, அங்கேயே அதைத் திருப்பி வாங்குகிற வரைக்கும் உங்கள் வாசல்படியை நான் மிதிக்க மாட்டேன். தங்கச்சி எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவள்மேல் எனக்கு என்ன கோபம்?

மச்சான்


ஆகஸ்ட் 22

மச்சானுக்கு,

கூரை விஷயம். உங்கள் கடிதம் வந்த அன்றே ஏணி போட்டு ஏறினேன். துருவேறின தகரத்தில் வானம் தெரிந்தது. மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்னதால் மாற்றினேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், மழைக்காலம் வருகிறது.

ஆனால் மேலே ஏறினதில் இன்னொன்றும் தெரிந்தது. ஓட்டை ஒரு மூலையில்தான். எதிர்ச்சுவர் ஓரம், பலகைமேல் அடுக்கின மூட்டைகளில் ஒரு சொட்டு ஈரம் பட்டிருக்க வழியில்லை. அதில் ஒன்றைப் பிரித்து முறத்தில் கொட்டிப் பார்த்தேன். பொன் மாதிரித்தான் இருந்தது. கையால் கிளறினதும் உள்ளேயிருந்து இளஞ்சிவப்புப் பூத்த மணிகள் வந்தன. சிலது எடையே இல்லாமல் இருந்தது, நகத்தால் அழுத்தினால் மாவாகப் போயிற்று. இது என் கூரை செய்த வேலை இல்லை மச்சான்.

கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். அவர் வேளாண்மை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பயிர் பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கதிரின் உறையை அடிவரைக்கும் உரித்துப் பார்க்க வேண்டும். அங்கங்கே தண்டை நெஞ்சு உயரத்தில் பிடித்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். நல்ல தண்டு திரும்ப நிமிர்ந்து நிற்கும். அழுகினது அப்படியே மடங்கும்.

வாங்க மாட்டேன் என்று சொன்ன பிறகு உங்கள் பயிர் எப்படிப் போனால் எனக்கென்ன என்று இருந்திருக்கலாம். உங்கள் தங்கை இப்போது சந்தைக்குப் போயிருக்கிறாள், எதிரே உட்கார்ந்து யாரும் மிரட்டவில்லை. உங்கள் வயல் மக்காச்சோளம் தின்று செத்த கோழிகளை நான் என் கையால் குழியில் போட்டேன். அந்த வேலை இன்னொருவனுக்கு வர வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். உரித்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 29

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். உரித்துப் பார்ப்பதாக இல்லை. என் வயலைப் பற்றிக் கோழி வளர்க்கிறவர் எனக்குச் சொல்வதா என்றிருந்தது.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது என் மனைவி படித்திருக்கிறாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மடி நிறையக் கதிர்களோடு வந்து தட்டுக்குப் பக்கத்தில் கொட்டினாள்.

"இது கீழ் வயல். பாருங்க."

உறை உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தேன். அடியிலிருந்து பாதிக் கதிர் வரைக்கும் வெள்ளையாகப் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி. கையில் வைத்தால் கனமே இல்லை. இன்னொன்றில் புழு துளைத்த இடத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு. சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

வயலில் இறங்கி ஒரு தண்டைத் தள்ளினேன். மடங்கியது. பக்கத்தில் இருந்ததைத் தள்ளினேன். அதுவும் மடங்கியது. கிறுக்குப் பிடித்தவன் மாதிரி ஒரு வரிசை முழுக்கத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் மாடு புகுந்த வயல்போலக் கிடந்தது. அத்தனை உயரமும் அத்தனை பச்சையும் வெளிவேஷம், மாப்பிள்ளை.

பயிர்நோய் பார்க்கிற அதிகாரி அம்மாவை வரவழைத்தோம். தண்டை நெடுக்காகப் பிளந்து காட்டினார். உள்ளே தண்டின் சோற்றுப்பகுதி கரைந்து வெறும் நார் நாராகக் கிடந்தது.

"எத்தனை போகமா இந்த வயல்ல இதையே போடுறீங்க?" என்று கேட்டார்.

"தொடர்ந்து மூணாவது."

"கதிர் அறுத்த பிறகு நின்ன தட்டையை என்ன செய்தீங்க?"

"அங்கயே மடக்கி உழுதேன், லேசா."

"போன போகத்து அழுகல் அந்தத் தட்டையிலயே தங்கியிருக்கு. நீங்க அதுக்குப் பக்கத்துலயே மறுபடி சாப்பாடு வெச்சிருக்கீங்க." அதட்டாமல்தான் சொன்னார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

உங்கள் கோழிகளைப் பற்றியும் கேட்டேன். வயலிலேயே பிடித்ததுதானாம். ஈரம் கிடைத்த இடத்தில் இன்னும் செழித்து வளர்ந்திருக்குமாம். ஆக, கூரைக்கும் பங்கு உண்டு. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பெரிய பங்கு என்னுடையது.

கீழ் வயல் விளைச்சல் ஆளுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது என்று சொல்லிவிட்டார். மேல் வயலில் இதுதான் முதல் மக்காச்சோளம். அங்கே ஒவ்வொரு வரிசையாக உரித்துப் பார்த்தோம். சுத்தமாக இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதுதான் இப்போது பெரிய பாடு. கதிர் முற்றிவிட்டது, ஆனால் ஈரம் இறங்கவில்லை. வானம் தினமும் மூடிக்கொண்டு வருகிறது. நிற்க விட்டு மழை பிடித்தால் அதிலும் அழுகல் ஏறும். இப்போதே அறுத்தால் காயவைக்க வெயில் இல்லை. விவசாயிகள் சங்கத்து உலர்த்தி இயந்திரத்துக்கு வரிசை நீண்டு கிடக்கிறது, என் முறை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நீங்கள் சொன்னது சரியாகப் போயிற்று. எழுத வேண்டியதை எழுதிவிட்டேன்.

மச்சான்


செப்டம்பர் 2

மச்சான்,

பதில் எழுத உட்கார நேரமில்லை, நின்றுகொண்டு எழுதுகிறேன். இந்த யோசனையை உங்கள் தங்கைதான் முதலில் சொன்னாள். உங்கள் கடிதத்தை நான் படித்து முடித்ததும், "நம்ம கொட்டகை சும்மாதானே கிடக்கு?" என்றாள்.

நான் முழித்தேன். அவள் விரல் விட்டுச் சொன்னாள். கொட்டகைத் தரை கம்பி வலை. அதற்கடியில் ஆள் குனிந்து நடக்கிற இடம். சுவரில் பெரிய விசிறிகள். குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற அடுப்புகள் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்றை மேலே தள்ளி, வலைமேல் கதிர்களைப் பரப்பினால்?

அதிகாரி அம்மாவுக்கு போன் செய்து கேட்டேன். "செய்யலாம். ஆனா கொட்டகையில பழைய எச்சம் ஒரு துளி இருக்கக்கூடாது. சூடு அதிகம் ஏறக்கூடாது. அடிக்கடி புரட்டணும்" என்றார். நேற்றும் இன்றும் தேய்த்துக் கழுவினோம். சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. விசிறி ஓட்டிப் பார்த்தேன், மூலையில் வைத்த காகிதம் பறந்து எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொண்டது.

மேல் வயலை உடனே அறுங்கள். கதிர் கதிராகப் பார்த்து ஏற்றுங்கள். கீழ் வயல் கதிர் ஒன்றுகூட அந்த லாரியில் ஏறக்கூடாது.

கோழிகள் உயிரோடு இருந்திருந்தால் இந்த இடம் உங்களுக்குக் கிடைத்திருக்காது. இதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தெருவில் சொன்ன வார்த்தைக்கு நான் வந்து பதில் சொல்கிறேன். ஆனால் நம் மானப் பிரச்சினை முடியட்டும் என்று மழை காத்திருக்காது. முதலில் கதிர் வரட்டும்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 5

மாப்பிள்ளைக்கு,

அறுவடை ஆட்கள் இறங்கிவிட்டார்கள். என் மனைவி வரப்பில் நின்று ஒவ்வொரு கதிரையும் உரித்துப் பார்த்து ஏற்றுகிறாள். சந்தேகம் வந்தால் தூக்கி எறிகிறாள். "அது நல்லாத்தானே இருக்கு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அவள் பார்த்த பார்வைக்குப் பிறகு நானும் குனிந்து உரிக்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை லாரி வரும். டிரைவர் பக்கத்தில் நான் இருப்பேன். உங்கள் வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று எழுதினதை மறக்கவில்லை. கொட்டகைக்கு வாசல்படியே கிடையாது, வெறும் சரிவுதான் என்று என் மனைவி கண்டுபிடித்துச் சொன்னாள். ஆகவே கொட்டகையிலேயே தங்கிக்கொள்கிறேன். ஒரு கட்டில் போடுங்கள்.

மச்சான்


செப்டம்பர் 27

மச்சான்,

நீங்கள் ஊருக்குத் திரும்பின நாளிலிருந்து உங்கள் தங்கை சிரித்துக்கொண்டிருக்கிறாள். நாம் இரண்டு பேரும் ஒரே கொட்டகைக்குள் நின்றுகொண்டு அவள் மூலமாகப் பேசினதை அக்கம்பக்கத்தில் நடித்துக் காட்டுகிறாள். "தங்கச்சி, அவர்கிட்ட சொல்லு, அந்தப் பக்கம் புரட்டலைன்னு." "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, எனக்குக் கண்ணு இருக்குன்னு." நடுவில் நின்று அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதை நாம் இரண்டு பேருமே கவனிக்கவில்லையாம்.

அதற்கப்புறம் அந்த மத்தியான மழை. பெரிய விசிறி பெல்ட் அறுந்து, கடகடவென்று முனகி நின்றது. கொட்டகை முழுக்க வெதுவெதுப்பான ஈரக் கதிர், காற்று இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தால் அவிந்து போயிருக்கும். நீங்கள் அந்த மழையில் லாரிக்கடியில் படுத்து அதன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்து விசிறியில் மாட்டும்போது, "டேய், அந்த ஸ்பானரை எடுடா!" என்று கத்தினீர்களே. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு "வாங்க, போங்க" சொன்ன மனுஷன்! ஸ்பானரை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் என்னை 'டா' போட்டீர்கள் என்பதே உறைத்தது. விசிறி திரும்பச் சுற்றினபோது நாம் மூன்று பேரும் கத்தின கத்தலில் டிரைவர் பயந்து ஓடி வந்தார். இனிமேல் மரியாதை வேண்டாம், அதே 'டா' போதும்.

இப்போது சேதி. மணி உதிர்த்து, உடைந்ததைச் சலித்துத் தள்ளி, மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தேன் அல்லவா? முடிவு வந்துவிட்டது. ஈரப்பதம் சேமித்து வைக்கச் சரியான அளவு. விஷம் சோதனையில் தென்படவே இல்லை. கால்நடை மருத்துவர் அந்தத் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, "இந்த வட்டாரத்துல இந்த வருஷம் நான் பார்த்த சுத்தமான தீவனம் இதுதான்" என்றார்.

ஒரு கை அள்ளி வாளிக்குள் விட்டுப் பார்த்தேன். கூழாங்கல் விழுகிற மாதிரிச் சத்தம். உங்கள் தங்கை வாங்கி அவளும் ஒரு தரம் விட்டுப் பார்த்தாள். பிறகு அப்படியே வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் தடுக்கவில்லை. அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

புதுக் குஞ்சுகள் வேண்டுமென்று சொல்லிவைத்துவிட்டேன். மொத்த மக்காச்சோளமும் எனக்கு வேண்டும், வெளியே ஒரு மூட்டை போகக்கூடாது. அதற்கு முன்னால் உங்கள் தெருவில் எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதன்கிழமை வருகிறேன்.

மாப்பிள்ளை


அக்டோபர் 9

அடேய் மாப்பிள்ளை,

கேட்டு வாங்கிக்கொண்டாய், இனிமேல் இப்படித்தான்.

நீ போன பிறகு இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். நீ நடுத்தெருவில் நின்று, "இந்த இடத்துல நின்னு இவரை ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இவர் மக்காச்சோளத்தைத் தவிர வேறெதையும் என் கோழி இனிமேல் தின்னாது" என்று சத்தம் போட்டுச் சொன்னாயே, நான் என்னமோ அந்த நேரம் பார்த்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். தண்ணீர் காட்டவில்லை. மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் முன்னால் நிற்க முடியவில்லை.

சாயங்காலம் முடிவெட்டுகிற கடைக்காரர் வந்தார். கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறார்! "அண்ணே, எங்க வயல்லயும் கொஞ்சம் தள்ளிப் பாருங்க" என்றார். மறுநாள் காலையில் இந்தப் பக்கம் வந்திருந்தால் உனக்குச் சிரிப்புத் தாங்கியிருக்காது. பெரிய மனுஷர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வரிசையில் நின்று மக்காச்சோளத் தண்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். விழுந்தால் ஒரு கூச்சல், நிமிர்ந்தால் ஒரு கூச்சல். அழுகல் ஆரம்பித்த வயல்களை அன்றைக்கே அறுத்தார்கள். மழை பிடிப்பதற்குள் இந்தப் பக்கத்தில் பெரும்பாலான வயல்கள் தப்பித்துவிட்டன. அதிகாரி அம்மா வந்து பார்த்துவிட்டு, "நான் வருஷக்கணக்கா கூட்டம் போட்டுச் சொல்றேன், ஒருத்தரும் கேட்கலை. உங்க சண்டைதான் கேக்க வெச்சிருக்கு" என்று சிரித்தார்.

தரகரும் வந்தார். ஆய்வுக்கூட முடிவைக் கேள்விப்பட்டிருக்கிறார். "எல்லாம் வித்துப் போயிடுச்சே" என்று கையை விரித்தேன். அவர் கிளம்பும்போது தலையாட்டினேன், அவர் பாணியிலேயே.

கீழ் வயல் கதிர் முழுவதையும் ஆழக் குழி வெட்டிப் புதைத்தோம். ஒரு போகத்து உழைப்பு. மண் தள்ளும்போது மனசு கேட்கவில்லை. ஆனால் நீ உன் கோழிகளைப் புதைத்ததை நினைத்துக்கொண்டேன், கை தானாக வேலை செய்தது. தட்டையைப் பொடியாக வெட்டி ஆழ உழுதுவிட்டேன். அங்கே இனி மக்காச்சோளம் சீக்கிரத்தில் கிடையாது. பயறு விதைத்திருக்கிறேன். இன்று காலை பார்த்தேன், வயல் முழுக்க இரண்டிரண்டு இலை விட்டிருக்கிறது.

தங்கச்சி இங்கே வந்து நாலு நாள் தங்கி, என் மனைவியோடு சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்துவிட்டுப் போனாள். வீடு பழையபடி இரைச்சலாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

மச்சான்


மார்ச் 3

மச்சான்,

இன்று காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கொட்டகைப் பக்கம் ஒரே கூப்பாடு. பாம்போ நாயோ என்று வாய் நிறைய நுரையோடு ஓடினேன். உள்ளே உங்கள் தங்கை இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நின்று கத்துகிறாள். அவளுக்கு எதிரே ஒரு கோழி அவளைவிடச் சத்தமாகக் கத்துகிறது.

முட்டை, மச்சான். முதல் முட்டை. சிறியது, ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். என் உள்ளங்கையில் வைத்தாள், சூடாக இருந்தது. எனக்கு வாயில் நுரை, பேச முடியவில்லை. நல்லதாகப் போயிற்று.

மத்தியானத்துக்குள் அங்கங்கே நாலைந்து கிடைத்தது. சாயங்காலம் ஒரு தட்டு நிறைந்துவிட்டது. கால்நடை மருத்துவர் எட்டிப் பார்த்தார். ஒரு கோழியைத் தூக்கிக் கொண்டையைத் திருப்பிப் பார்த்தார், எடை பார்த்தார், இறக்கிவிட்டார். "எனக்கு இங்க வேலையே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷன் இந்தக் கொட்டகைக்குள் வந்து சொன்ன வார்த்தைகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

நீங்கள் இங்கே நின்று பார்க்க வேண்டும். கொண்டை எல்லாம் சிவப்பேறி, இறகு மின்ன, தீனிக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிற்கின்றன. உங்கள் மேல் வயல்தான் நடமாடிக்கொண்டிருக்கிறது என்கிறாள் உங்கள் தங்கை.

முதல் தட்டு முட்டையை விற்கவில்லை. அது உங்கள் வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இருவரும் வருகிறோம். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றுகூட உடையாமல் அண்ணன் கையில் கொடுத்துவிடுவேன் என்று பந்தயம் கட்டியிருக்கிறாள். நான் எதிர்ப்பக்கம் கட்டியிருக்கிறேன். தோற்கத்தான் ஆசை.

மாப்பிள்ளை